பேரரசும் போர்க்களமும்: வரலாற்று மூலோபாய விளையாட்டுகளில் இருவகைக் காலம் பற்றிய ஒரு நோக்கு

1

வரலாற்றைப் பொதுமக்கள் அறிந்துகொள்ளும் வாயில்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. பாணர் பாட்டும் கூத்தும் ஆற்றிய பணியைப் பின்னாளில் வரலாற்று நாவலும் திரைப்படமும் ஏற்றுக்கொண்டன. கடந்த நாற்பது ஆண்டுகளில் அவ்வரிசையிற் கணினி விளையாட்டும் வந்து சேர்ந்துள்ளது. ஹனிபாலின் பெயரைப் பாடநூலிற் காண்பதற்கு முன்னரே திரையிற் கண்ட மாணவர் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். இதனைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், ஒரு தலைமுறையின் வரலாற்றுணர்வை உருவாக்கும் சாதனம் எதுவாயினும் அது சமூகவியல் ஆய்வுக்குரியதே.

இவ்விளையாட்டுகளுள் வரலாற்று மூலோபாய விளையாட்டு என்னும் வகை தனித்து நோக்கத்தக்கது. இங்கு விளையாடுபவர் ஒரு தனி வீரனாக அன்றி, ஓர் அரசின் தலைமையில் நின்று செயற்படுகிறார். வரி விதித்தல், வீதி அமைத்தல், ஆளுநரை நியமித்தல், தூதனுப்புதல் முதலிய ஆட்சிக் கருமங்கள் ஒருபுறம். படைகளைக் களத்தில் நிறுத்தி மோதவிடுதல் மறுபுறம். இவ்விரண்டையும் எந்த அளவிற் கலப்பது என்பது இவற்றை ஆக்குவோரும் ஆடுவோரும் இடைவிடாது விவாதித்துவரும் வினாவாகும். ஆட்சிக் கருமம் மிகுந்தால் விளையாட்டு வெறுங் கணக்கேடாகிவிடும். போர் மிகுந்தால் பேரரசு வெறும் பின்திரையாகிவிடும். இச்சமநிலைப் பிரச்சினை பொதுவாகக் கைவினை நுட்பம் சார்ந்ததாகவே பேசப்படுகிறது. அது வரலாறு பற்றிய பிரச்சினையுமாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆட்சிக்கும் போருக்கும் இடையிலான கோடு எங்கே கிழிக்கப்படுகிறது என்பதிலேயே, வரலாற்றை இயக்குவோர் யார் என்ற வினாவுக்கான விடையும் மறைந்துள்ளது.

1930களில் எழுதிய ‘வரலாற்று நாவல்’ என்னும் நூலில் லூக்காச், வோல்ற்றர் ஸ்கொட்டின் கதைத்தலைவர்கள் நடுத்தர மனிதர்களாக இருப்பதன் சிறப்பை விளக்கினார். மன்னரும் பெருந்தலைவரும் ஓரத்தில் நிற்க, இரு முகாம்களுக்கிடையே அகப்பட்ட சாதாரண மனிதனினூடாகச் சமூக வாழ்வு முழுமையாகப் புலப்படுகின்றது என்பது அவரது கருத்து. மூலோபாய விளையாட்டு இவ்வமைப்பைத் தலைகீழாக்குகிறது. அங்கு மன்னனே மையம். மக்கள் வெறும் எண்கள். இந்த உருவ வேறுபாட்டை மனங்கொண்டே மேலே செல்லவேண்டும்.

2

போரை மேசைமீது ஆடிப்பார்க்கும் வழக்கம் சதுரங்கத்தைப் போலப் பழைமையானது. ஆயினும் நவீன போர் விளையாட்டின் நேரடி முன்னோடி பிரசியாவிலே தோன்றியது. தம் தந்தையார் 1812இல் ஆக்கியிருந்த விளையாட்டைத் திருத்தி, றைஸ்விற்ஸ் என்ற இளம் பீரங்கிப்படை அதிகாரி 1824இல் ‘கிறீக்ஸ்பீல்’ என்பதனை வெளியிட்டார். 1:8000 என்ற அளவுத்திட்டத்தில் வரையப்பட்ட நிலப்படம், தாயக்கட்டை, இரு தரப்புக்கும் பொதுவான நடுவர் என்பன அதன் உறுப்புகள். ஒவ்வொரு முறையும் 2 நிமிட நேரத்தைக் குறித்தது. பிரசியப் படைத் தலைமைப்பீடத்தின் அதிபதியான முஃப்ளிங் அதனை இராணுவத்துக்கு விதந்துரைத்தார். இவ்விளையாட்டிற் களம் உண்டு, வயல் இல்லை. படைக்கு உணவும் ஆளும் எங்கிருந்து வந்தன என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதிகாரி வர்க்கமொன்றின் பயிற்சிக் கருவி, அவ்வர்க்கத்தின் பார்வை எல்லையையே தன் எல்லையாகக் கொண்டிருந்தமை வியப்பன்று.

கணினி வந்தபின் இவ்வெல்லை விரிந்தது. யப்பானின் கொயெய் நிறுவனம் 1983இல் வெளியிட்ட ‘நொபுனாகாஸ் அம்பிஷன்’ என்னும் விளையாட்டில் நெல், பொன், குடிகளின் விசுவாசம் ஆகியவற்றைப் பேணுவது போருக்கு இணையான கருமமாயிற்று. 1991இல் வெளிவந்த சிட் மயரின் ‘சிவிலைசேஷன்’ ஆறாயிரம் ஆண்டு வரலாற்றை முறைமுறையாக நகர்த்தியது. போர் அங்கு ஒரு நொடிக் கணக்காகவே முடிந்தது. 1992இல் வந்த ‘டியூன் 2’ என்னும் கற்பனை விளையாட்டு உற்பத்தியையும் போரையும் இடையறாது ஓடும் ஒரே காலத்துள் வைத்தது. 1997இன் ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ அவ்வடிவத்தை வரலாற்றுக்குப் பொருத்தியது. இதில் மரம் தறிப்பவனும் பழம் பறிப்பவனும் வீரன் நிற்கும் அதே நிலத்தில், அதே வேளையிற் காணப்படுகின்றனர். எதிரியின் குதிரைப்படை உழைப்பாளரைத் தாக்குமானால் போரின் முடிவே மாறிவிடும். உழைப்பைக் கண்ணுக்குப் புலனாக்கியமை இதன் சிறப்பு. ஆனால், இங்கே 50 அலகு உணவு கொடுத்தால் ஓர் உழைப்பாளி பிறந்துவிடுகிறான். அவனுக்குக் குடும்பமில்லை, நிலமில்லை, நில உடைமையாளனுமில்லை. உழைப்பு உண்டு, உற்பத்தி உறவு இல்லை.

இவ்விரு போக்குகளையும் இணைக்க முயன்றதே இங்கிலாந்தின் கிரியேற்றிவ் அசெம்பிளி நிறுவனம் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ‘டோட்டல் வோர்’ வரிசையாகும். அதன் முதல் விளையாட்டான ‘ஷோகன்’ பதினாறாம் நூற்றாண்டு யப்பானைக் களமாகக் கொண்டது. நாடு முழுவதையும் காட்டும் நிலப்படத்தில் ஆட்சி முறைமுறையாக நடைபெறும். இரு படைகள் சந்தித்ததும் காட்சி மாறி, ஆயிரக்கணக்கான வீரர் மோதும் நிகழ்நேரப் போர் தொடங்கும். ‘றோம்’ (2004), ‘மெடீவல் 2’ (2006), ‘எம்பயர்’ (2009), ‘றோம் 2’ (2013), ‘திறீ கிங்டம்ஸ்’ (2019) என அவ்வரிசை நீண்டது. சமநிலைப் பிரச்சினையை ஆராய்வதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை எனலாம்.

3

இவ்வடிவத்தின் அடிப்படை, காலத்தை இரண்டாகப் பிரிப்பது. ஆட்சியின் காலம் ஆள்பவருக்காகக் காத்திருக்கிறது. அவர் வரியைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். முறையை முடிக்கும் பொத்தானை அழுத்தும் வரை நெற்கதிர் முற்றாது, குழந்தை பிறக்காது. போர்க்களத்தின் காலமோ ஓடிக்கொண்டே இருக்கிறது, தாமதித்தவன் தோற்பான். சற்று நிறுத்திவைக்க வசதியிருப்பினும், பரபரப்பு முழுவதும் களத்துக்கே உரியது.

உண்மையான வேளாண் சமுதாயங்களில் நிலைமை பெரும்பாலும் இதற்கு மாறானது. எதிரெதிரே பாளயமிறங்கிய படைகள் நாட்கணக்கிற் காத்துக் கிடந்ததுண்டு. காத்திராதது பயிர். விதைக்கும் பருவம் தப்பினால் அவ்வாண்டு உணவில்லை. எனவே, போர் எப்போது தொடங்கும், எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை வயல் தீர்மானித்தது. ஆள்பவனுக்கு நின்று கொடுக்கும் காலம், உழுபவனுக்கு நின்று கொடுத்ததில்லை. அரண்மனைச் சாளரத்திலிருந்து காணப்பட்ட காலத்தையே இவ்விளையாட்டுகள் வரலாற்றின் காலமாகக் கொள்கின்றன.

றோமின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். ‘றோம்: டோட்டல் வோர்’ கி.மு. 270இல் தொடங்குகிறது. அதற்குச் சற்று முன்னரே, எப்பிரசு நாட்டு மன்னன் பிர்றசு கி.மு. 280இலும் 279இலும் றோமானியரை வென்றும், தன் இழப்பை ஈடுசெய்ய ஆளின்றி, கி.மு. 275இல் இத்தாலியை விட்டகன்றான். கி.மு. 216இல் கன்னே என்னுமிடத்தில் ஹனிபால் பெற்ற வெற்றி இன்றும் இராணுவக் கல்லூரிகளிற் படிக்கப்படுகிறது; ஆயினும் போரில் வென்றது றோமே. காரணம் களத்தில் இல்லை. கி.மு. 225இல் றோமும் அதன் நேச நாடுகளும் திரட்டக்கூடிய ஆட்பலம் 700,000 காலாட்களும் 70,000 குதிரைவீரருமென்று பொலிபியசு கணக்குத் தருகிறார். கன்னேயின் பின் 8,000 அடிமைகளை அரசே விலைகொடுத்து வாங்கிப் படையிற் சேர்த்ததென்று லிவி எழுதுகிறார். ஹனிபாலின் தந்திரோபாயத்தை வென்றது இத்தாலிய சிறு விவசாயியின் எண்ணிக்கையாகும்.

அந்த எண்ணிக்கைக்கு விலையும் இருந்தது. ஆண்டுக்கணக்கிற் கடல்கடந்து போரிட்ட விவசாயியின் நிலம் செல்வர் கைப்பட்டதும், போரிற் பிடிபட்ட அடிமைகள் அந்நிலத்தில் உழைக்கவைக்கப்பட்டதும், கி.மு. 133இல் திபேரியசு கிராக்கசு நிலச் சீர்திருத்தம் கோரிக் கொலையுண்டதும் நாமறிந்தவை. பிரண்ட் 1971இலும் ஹொப்கின்ஸ் 1978இலும் எழுதிய நூல்கள் இத்தொடர்பை விரித்துரைத்தன. விவசாயக் குடும்பங்கள் நீண்ட போரைத் தாங்கிக்கொண்ட வகைகளை எடுத்துக்காட்டி றோசன்ஸ்ரைன் 2004இல் இக்கருத்தைத் திருத்த முயன்றார். ஆய்வாளர் முடிவுகள் வேறுபடினும், படை பற்றிய வினா நிலம் பற்றிய வினாவே என்பதில் இம்மூவரும் ஒன்றுபடுகின்றனர்.

இப்பின்னணியில் நோக்குமிடத்து, 2004ஆம் ஆண்டின் ‘றோம்’ விளையாட்டில் இருந்த ஒரு விதி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அதில் ஒரு நகரில் ஆள் சேர்க்கும்போது அந்நகரின் சனத்தொகை அத்தனை பேரால் குறையும். தொடர்ந்து படை திரட்டினால் நகரின் வளர்ச்சி குன்றும், வரியும் குறையும். கைப்பற்றிய நகரின் மக்களை அடிமைகளாக்கினால் அவர்கள் விளையாடுபவரின் நகரங்களுக்குப் பகிர்ந்தனுப்பப்படுவர். இவ்விதியில், முழுமையாக அல்லாவிடினும், வயலுக்கும் களத்துக்கும் இடையிலான உறவு துலங்கியது. களத்தில் வீழ்ந்தவன் எங்கோ ஓரிடத்திற் குறைந்தான்.

எனினும் அதே விளையாட்டு, மாறியசுவின் பெயரால் வழங்கும் படைச் சீர்திருத்தத்தை எவ்வாறு கையாள்கிறது என்பதும் நோக்கத்தக்கது. கி.மு. 107இல் சொத்தற்ற குடிகளை மாறியசு படையிற் சேர்த்தமை, நெடுங்காலமாகப் படிப்படியாக நிகழ்ந்துவந்த மாற்றமொன்றின் ஒரு கட்டமே என இன்று கருதப்படுகிறது. சொத்துடைய விவசாயப் படையின் அடித்தளம் தளர்ந்தமையே அதன் சமூகப் பின்னணி. விளையாட்டிலோ, இத்தாலிய நகரொன்றிற் பேரரண்மனை கட்டி முடிக்கப்பட்டதும் அச்சீர்திருத்தம் வந்துவிடுகிறது. சமூக நெருக்கடியின் விளைவு, கட்டட முன்னேற்றத்தின் பரிசாக மாறுகிறது.

‘மெடீவல் 2’ வெளிவந்தபோது சனத்தொகை குறையும் விதியும் நீக்கப்பட்டது. கட்டடங்கள் உள்ள இடத்தில் குறித்த கால இடைவெளியில் வீரர் தாமாகவே கிடைப்பர். விளையாட்டின் ஓட்டம் தடைப்படாதிருக்க இம்மாற்றம் உதவியது என்பது உண்மை. ஆனால் சமநிலையின் பெயரால் அறுபட்டது எது என்பதை மறத்தலாகாது. இதே விளையாட்டிற் காலக் குழப்பமும் உச்சம் பெறுகிறது. நாட்காட்டி ஒரு முறைக்கு 2 ஆண்டு நகர, மன்னனும் தளபதியும் அரையாண்டு மட்டுமே மூப்படைகின்றனர். சமுதாயத்துக்கு ஒரு கடிகாரம், தலைவருக்கு வேறொரு கடிகாரம்.

4

இவ்வடிவத்துக்கு உள்ளார்ந்த முரண்பாடொன்றும் உண்டு. விளையாட்டின் தொடக்கத்தில் அரசு சிறியது. ஒரு தோல்வி அழிவைத் தரும். அப்போது ஒவ்வொரு போரும் பொருளுடையது. அரசு விரிய விரியக் கருவூலம் நிறைகிறது. இழந்த படையை மீண்டும் எழுப்பலாம். போர்களின் தொகை கூடுகிறது, ஒவ்வொன்றின் பெறுமதியும் குறைகிறது. ‘றோம்’ விளையாட்டில் முழு வெற்றிக்கு 50 மாநிலங்கள் வேண்டும். இருபதாவது மாநிலத்தைக் கடந்தபின் பலர் களத்தில் இறங்குவதேயில்லை. கணினியே முடிவைக் கணக்கிட்டுச் சொல்லும் தன்னியக்கத் தீர்வை நாடுகின்றனர். களத்தில் நேரிற் பொருதும் இன்பத்துக்காக ஆக்கப்பட்ட விளையாட்டு, ஈற்றில் அவ்வின்பத்தைத் தானே தேவையற்றதாக்கிவிடுகிறது.

இதனை ஆக்கியோரின் குறைபாடாக மட்டும் கொள்வது பொருந்தாது. பேரரசு என்பதன் இயல்பே இது. விரிவடைந்த அரசுக்குப் போர் வீரச்செயலாக இருப்பதில்லை. அது செலவுக் கணக்கின் ஓர் உருப்படியாகிவிடுகிறது. விளையாட்டு தன்னையறியாமலே இவ்வுண்மையைக் காட்டிவிடுகிறது. அவ்வளவில் விளையாடுபவரின் சலிப்பும் ஒரு வரலாற்று அனுபவமே எனலாம்.

சந்தை அச்சலிப்பை விரும்புவதில்லை. பெட்டியின் மேலட்டையில் அச்சிடத்தக்கது போர்க்களமே. தானியக் களஞ்சியம் அன்று. 2003இல் பி.பி.சி. தொலைக்காட்சி ‘ரைம் கொமாண்டர்ஸ்’ என்ற நிகழ்ச்சிக்கு இவ்விளையாட்டின் மென்பொருளைப் பயன்படுத்திப் பண்டைய போர்களை மீள நடத்திக்காட்டியபோது, எடுத்துக்கொள்ளப்பட்டது போர்க்களம் மட்டுமே. இரு பாதிகளுள் விலைபோகும் பாதி எதுவென்பது இதனாற் புலனாகும்.

5

பதினெட்டாம் நூற்றாண்டைக் கொண்ட ‘எம்பயர்’ எமக்கு மேலும் நெருக்கமானது. அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா என மூன்று அரங்குகளில் அது விரிகிறது. அதன் வணிக அரங்குகளுள் ஆபிரிக்கக் கரையும் ஒன்று. அங்கே கப்பல்கள் யானைத் தந்தத்தை ஏற்றுகின்றன, மனிதரை ஏற்றுவதில்லை. அந்நூற்றாண்டின் அத்திலாந்திக் வணிகத்தின் அச்சாணியாக இருந்த அடிமை வாணிபம் அங்கே ஒரு சரக்காகவேனும் இடம்பெறவில்லை. ஆனால் அடிமை ஒழிப்பு, கல்லூரிகளில் ஆராய்ந்து பெறத்தக்க அறிவொளிக் கருத்தாக இடம்பெறுகிறது. நோய் மறைக்கப்பட்டு மருந்துக்கு மட்டும் புகழ் கூறப்படுகிறது.

இலங்கை அந்நிலப்படத்தில் ஒல்லாந்தருக்குரிய ஒரே மாநிலமாகத் தோன்றுகிறது. 1700இல் அவர்கள் வசமிருந்தவை கரையோரங்களே. மலைநாட்டைக் கண்டி அரசு 1815 வரை ஆண்டது. கறுவா உரிக்கும் கட்டாய ஊழியத்தாலும் நிலக் கெடுபிடிகளாலும் நொந்த கரையோர மக்கள் 1760இல் கிளர்ந்தெழுந்தனர். கண்டி அவர்களுக்குத் துணைநின்றது. அதைத் தொடர்ந்த போர் 1766 வரை நீடித்தது. கட்டாய ஊழியமே போருக்கு வழிகோலிய இவ்வரலாற்றில் ஆட்சியையும் போரையும் வேறுபடுத்தவே இயலாது. ஊழியம் தெரியாத நிலப்படத்திற் கிளர்ச்சிக்கும் காரணம் தெரியாது. அது ‘பொது ஒழுங்கு’ என்னும் எண்ணின் சரிவாக மட்டுமே தெரியும்.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு சுவீடனின் பரடொக்ஸ் நிறுவனம் 2003இல் வெளியிட்ட ‘விக்டோரியா’. 1836இல் தொடங்கும் அவ்விளையாட்டிற் சனத்தொகை முழுவதும் விவசாயி, தொழிலாளி, கைவினைஞர், முதலாளி, அடிமை, படைவீரர் எனத் தொழிலால் வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பிரிவுக்கும் விழிப்புணர்வு, போர்க்குணம் என்னும் அளவீடுகளும் உண்டு. ஆனால் அங்கே போர்க்களம் இல்லை. போர் நிலப்படத்தின் மேல் ஓர் எண் கணக்காகவே நிகழ்கிறது. சுருங்கக்கூறின், களம் உள்ள விளையாட்டில் மக்கள் இல்லை. மக்கள் உள்ள விளையாட்டிற் களம் இல்லை. சமநிலைப் பிரச்சினையின் கரு இதுவே.

1878இல் வெளிவந்த ‘டூரிங்குக்கு மறுப்பு’ நூலில் எங்கெல்ஸ், வன்முறை வெறும் விருப்பத்தால் நிகழ்வதன்று. அதற்குக் கருவி வேண்டும், கருவிக்கு உற்பத்தி வேண்டும் என வாதிட்டார். மூலோபாய விளையாட்டுகள் இவ்வுண்மையின் முதற்பாதியை நன்கறிந்தவை. பொன்னின்றிப் படையில்லை என்பதை அவை எவருக்கும் கற்பித்துவிடும். பொன் யாருடைய உழைப்பின் உபரி என்ற மறுபாதியிலேயே அவை மௌனமாகின்றன.

6

விளையாட்டு என்பது பாடநூலன்று. அனைத்தையும் அதனுள் அடக்க வேண்டுமென்பது நியாயமாகுமா என்று வினவப்படலாம். நியாயமான வினாவே. எந்தக் கலை வடிவமும் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். ஆயின் எதைத் தெரிந்தெடுப்பது என்பது இயற்கை நியதியன்று. ஆடுவோரே இதற்குச் சான்று. ‘றோம் 2’க்கு ஆர்வலர்கள் கூட்டாக ஆக்கிய ‘டிவைட் எற் இம்பெரா’ என்னும் மாற்றுப் பதிப்பிற் சனத்தொகை வகுப்பு வாரியாக மீண்டும் புகுத்தப்பட்டது. குறித்த வகுப்பில் ஆளில்லையெனில் அவ்வகுப்புக்குரிய படையும் இல்லை. நிறுவனம் நீக்கியதை நுகர்வோர் தம் உழைப்பால் மீட்டனர். இப்பதிப்புக் கடினமானது, மெதுவாகச் செல்வது, எனினும் அதனை விரும்பி ஆடுவோர் பலர். மக்களைக் கணக்கிற் கொண்டால் விளையாட்டுச் சுவையிழக்கும் என்ற கூற்று இதனாற் பொய்க்கிறது.

‘எம்பயர்’ வெளிவந்தது 2009 மார்ச் மாதம். அதே வாரங்களில் எமது நாட்டின் போர் அதன் இறுதிக் கட்டத்தில் இருந்தது. மே மாதத்தில் அது முடிவுற்றது. அந்நாட்களிற் பத்திரிகைகளில் வந்த நிலப்படங்களும் நிறந்தீட்டிய நிலப்பரப்புகளையும் முன்னேறும் அம்புக்குறிகளையும் கொண்டிருந்தன. அவ்வம்புக்குறிகளின் கீழே விதைத்த வயலை விட்டவரும், தோணியை விட்டவரும், பிள்ளையைத் தேடியவரும் இருந்தனர். விளையாட்டையும் இவ்வவலத்தையும் ஒன்றாக வைத்தெண்ணுவது தகாது. ஆனால் நிலப்படத்தின் மேலிருந்து நோக்கும் கண் இரண்டுக்கும் பொதுவானது. அக்கண்ணுக்குப் பழகிய தலைமுறைக்கு, கீழேயிருந்து நோக்கவும் பயிற்சி வேண்டும்.

ஆகவே, பேரரசு நிர்வாகத்துக்கும் நிகழ்நேரப் போருக்கும் இடையே சமநிலை உண்டா என்பதை எத்தனை மணிநேரம் எதில் செலவாகிறது என்பதைக் கொண்டு அளத்தல் போதாது. களத்தில் வீழ்ந்த ஒருவனால் எந்த வயல் தரிசாயிற்று என்று விளையாட்டு கணக்குக் காட்டுகிறதா என்பதே உரிய அளவுகோல். 2004இல் ஒரு விதி அக்கணக்கைக் காட்டத் தொடங்கியது. பின்னர் அது நீக்கப்பட்டது. ஆடுவோர் சிலர் அதனை மீட்டனர். இச்சிறு வரலாறு இன்னும் முடிந்துவிடவில்லை.